வித்யாவின் அறையை மூடப் போன விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி குருமூர்த்தி அவர்களுக்கு,

திருச்செங்கோட்டிலிருந்து செங்கோட்டையன் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் இடது தோளைத் தவிர நான் நலம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மா தெய்வநாயகி அவர்களும், கழுத்து வலிக்குத் தாங்கள் போட்டிருக்கும் பட்டையும் நலமென நம்புகிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், சேந்தமங்கலமே கேட்கும். ஆகையால் கடிதம்.

தங்கள் மருமகளும் என் மகளுமான வித்யா, மில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நாமக்கல்லில் அறை பிடித்து, வருகிறவர்களைத் தொட்டு வைத்தியம் செய்வது குடும்பத்துக்குக் கௌரவமில்லை, பொங்கலுக்குள் மூடச் சொல்லுங்கள் என்று தாங்கள் உத்தரவிட்டீர்கள். நானும் பெத்தவன் சொன்னால் கேட்பாள் என்ற தைரியத்தில் பஸ் ஏறினேன். போனதும் மூடுன்னா நல்லாயிருக்காதேன்னு, புள்ளைகிட்டத் தோள் வலிக்குது சாமின்னு ஆரம்பிச்சு அப்புறம் விஷயத்துக்கு வரலாம்னு திட்டம். வைத்தியம்னா எண்ணெய் தேய்க்கறதுதானேன்னு, புள்ளைக்கு வேலை மிச்சமாகட்டும்னு ஊட்டுலயே கால்படி நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சந்தலையிலிருந்து தேய்ச்சுட்டுப் போனனுங்க. பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தரும் உக்காரலை. அங்க போனா, "அப்பா, இதுக்கு எண்ணெயே கெடையாதுங்க, சட்டையைக்கூடக் கழட்ட வேண்டாங்க"ங்கறா. அதுக்குள்ள நான் சட்டையைக் கழட்டிட்டு மேசை மேல ஏறிட்டேன். வெள்ளை விரிப்புல என் முதுகு அப்படியே அச்சாயிருச்சு.

தலைக்கடியில ரெண்டு கையையும் வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கறா. அமுக்கலை, பிடிக்கலை, ஒரு நெட்டி முறிக்கலை. "ஆரம்பி சாமி"ன்னேன். "ஆரம்பிச்சுக் கால்மணி நேரமாச்சுங்கப்பா"ங்கறா. முப்பது வருஷம் ரிக் வண்டியில ஆழ்குழாய்க் கிணறு போர் போட்டவனுங்க நான். சத்தமும் புழுதியும் இல்லாம ஒரு வேலை நடக்குதுன்னா எப்படிங்க நம்பறது? "என்னதான் பண்றே?"ன்னு கேட்டேன். "உள்ள என்ன ஓடுதுன்னு கையில பாத்துட்டு இருக்கறேனுங்க"ன்னா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. லீவர் மேல கை வெச்சா அறுநூறடிக்குக் கீழ பாறை மாறறது எனக்குக் கையிலதான் தெரியும், அதை நான் யாருக்கும் சொல்லிப் புரிய வெச்சதில்லை. இந்தப் புள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு யோசிச்சுட்டே கண்ணு சொக்கிருச்சு. முழிச்சா காதோரமெல்லாம் ஈரம். அழுதிருக்கறேன். என் ஊட்டுக்காரி பாவாயி போய் மூணு வருஷமாச்சுங்க, அதுக்கப்புறம் சலூன்காரரைத் தவிர என் தலையை ஒருத்தரும் தொட்டதில்லை. உங்ககிட்டச் சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, சொல்லாம இருக்கவும் முடியலை.

தோள் வலி போச்சான்னா, இல்லீங்க, அப்படியேதான் இருக்குது. அதுக்கு எலும்பு டாக்டரைப் பாருங்க, மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு அவளே கண்டிச்சுச் சொல்லிட்டா. ஆனா மனசு லேசாகி, அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் மறுசோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மூடச் சொன்னீங்களான்னு கேப்பீங்க. சொல்லோணும்னுதான் நாலு தடவை போயிட்டு வந்தேன். வாயெடுக்கறதுக்குள்ள தூங்கிப் போறேன். எனினும் தங்கள் உத்தரவை மறக்கவில்லை. வரும் வியாழனன்று மேசையில் படுக்காமல், நின்றபடியே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். மாப்பிள்ளை ஆனந்தகுமாருக்கு என் ஆசிகள். அர்த்தநாரீஸ்வரர் அனைவருக்கும் நல்ல தூக்கத்தையும் வளைகிற கழுத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
செங்கோட்டையன்

பி.கு: கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன், அதற்குள் வியாழனும் வந்துவிட்டது. நின்னுட்டே சொல்லலாம்னு போனா, மேசை காலியில்லீங்க. படுத்திருந்தது நம்ம தெய்வநாயகியம்மா. கோயிலுக்குன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு ஆறு மாசமா வாராங்களாம். "அவருகிட்ட வாயைத் தொறக்காதீங்கண்ணா"ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நானும் தொறக்கலை, எழுத்துலதான் போட்டிருக்கறேன். மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுருங்க. மூடச் சொல்ற வேலை என்னால ஆகாதுங்க, நீங்களே வந்து சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு உங்க பேரை எழுதிட்டு வந்திருக்கறேன். எண்ணெய் மட்டும் தேய்ச்சுட்டு வந்துராதீங்க.