பூசையில் மாட்டிக்கொண்ட கொரியா முத்திரை

கொரியா நாட்டுச் சட்டத்தை அந்த நாட்டை ஆளுகிறவர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இருந்தது சியோலில் அல்ல. ஓசூர் தொழிற்பேட்டையில், தகடு அடிக்கிற என் பிரஸ் ஷாப்பில், டிஸ்பாட்ச் மேசைக்குப் பின்னால் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ பெயர் இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் 'செக்‌ஷன்'. எதைச் சொன்னாலும், "கொரியாவுல இதுக்கு ஒரு செக்‌ஷன் இருக்குதுங்கண்ணா" என்று ஆரம்பிப்பார். தும்மினால்கூட.

என்னைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? கல்லாவியில் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. ஓசூருக்கு மாற்றுச் சட்டை இல்லாமல் வந்து, கூலிக்கு பிரஸ் ஓட்டி, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பிரஸ்ஸை மீட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவன். பைக்குகளுக்குப் போகிற தகட்டுச் சாமான்தான் நம் சரக்கு. இந்தப் பக்கம் ஓடுகிற பைக்குகளில் பாதி என் தகடு இல்லாமல் நகராது. மீதிப் பாதி எப்படி நகர்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் செக்‌ஷன் என்னிடம் வேலை கேட்டு வந்தார். பாகலூர்க்காரர். கொரியாவில் ஒரு தகர ஃபாக்டரியில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"என்னய்யா வேலை தெரியும்?" என்றேன்.

"அந்த நாட்டுச் சட்டம் பூரா தெரியுங்கண்ணா."

"அதை வெச்சு நான் வாஷரா அடிக்கறது?"

"வெளிநாட்டுக்காரனோட யாவாரம் பண்ற காலம் வருதுங்கண்ணா. அன்னைக்கு என்னைத் தேடுவீங்க."

என்னை மாதிரியே பேசுகிறான் என்று பட்டது. சேர்த்துக்கொண்டேன்.

வந்த முதல் வாரமே சாப்பாட்டு ஷெட்டில் மூன்று டிரம் வைத்தார். சோறு ஒன்றில், காகிதம் ஒன்றில், பிளாஸ்டிக் ஒன்றில். மாற்றிப் போட்டால் கொரியாவில் அபராதமாம். குப்பைக்கென்று விற்கிற பையில்தான் குப்பையைப் போட வேண்டுமாம். எங்கள் மூத்த ஆபரேட்டர் முனியப்பா சாப்பிட்ட இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் சார் செக்‌ஷனு, இலையில சோறு ஒட்டிக்கினு இருக்குது. இது சோறா, காயிதமா?"

செக்‌ஷன் நெற்றியைத் தேய்த்தார். "அங்க வாழையிலை கெடையாது. அதனால செக்‌ஷன் எழுதாம விட்டுட்டாங்க. யோசிச்சு நாளைக்குச் சொல்றன்."

அவர் யோசித்து முடிப்பதற்குள் தெருமாடு ஒன்று வந்து இலை, சோறு, மூன்றாவது டிரம்மிலிருந்த ஒரு பால் பாக்கெட் எல்லாவற்றையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போனது. அப்பீல் இல்லாத தீர்ப்பு.

இன்னொரு நாள், சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று ஒருவன் கத்தினான். செக்‌ஷன் எழுந்து அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, சாம்பாரு தண்ணியா இருக்குதா?"

"ஆமா சார். நீங்களே பாருங்க."

"பாத்தன். தண்ணிதான். ஆனா நாலு பேரு காதுல விழற மாதிரி சொன்னியே, அங்க அது குத்தம். ஒருத்தர் பேரு கெடற மாதிரி பேசினா, அது உண்மையா இருந்தாலும் கேசு. ஊருக்கு நல்லதுன்னுதான் சொன்னன்னு நீ நிரூபிக்கணும்."

"ஊருக்கு நல்லதுக்குத்தான் சார் சொன்னன். பேதி புடுங்கும்."

"அப்ப செரி. உக்காரு."

இப்படி எங்கள் ஷெட்டில் கொரியாச் சட்டம் ஒரு பக்கம், இந்தியச் சட்டம் ஒரு பக்கம், என் சட்டம் எல்லாவற்றுக்கும் மேலே என்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் முதல் வாய் வைக்காமல் மற்றவர்கள் சோற்றைத் தொடக் கூடாது என்று அவர் ஒரு செக்‌ஷன் சொன்னார். அது மட்டும் எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து நான் முதல் கவளம் எடுக்கும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாகக் கை கழுவுவேன்.

பிறகு பைக் கம்பெனி ஆர்டரைக் குறைத்தது. ரெண்டு ஷிஃப்ட் ஒன்றாயிற்று. பாதி பிரஸ்கள் துணி போர்த்திக்கொண்டு நின்றன. பொங்கலுக்குள் புது ஆர்டர் பிடிக்காவிட்டால் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற நிலை. அந்த நேரம் பார்த்து கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு கொரியாக் கம்பெனி இடம் பார்க்க வந்தது. அதன் மேனேஜர் கிம் என்பவர். அவருடைய ஆபீசுக்கு நானே போய், என் தகட்டை மேசையில் போட்டேன். சத்தத்தைக் கேட்டே மனிதர் மயங்கிவிட்டார்.

"மொழிபெயர்க்க ஆள் அழைத்து வரட்டுமா?" என்று அந்த ஆபீஸில் கேட்டார்கள்.

"எதுக்குங்க? கொரியா பாசை, கொரியாச் சட்டம் எல்லாம் தெரிஞ்ச ஆளு நம்மகிட்டயே இருக்குது" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

செக்‌ஷனிடம் வந்து சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பாடம் எடுத்தார். அங்கே கையெழுத்தைவிட முத்திரை பெரிது. பதிவு செய்த முத்திரையைக் குத்திவிட்டால் அந்த ஆளே வந்து சத்தியம் செய்த மாதிரி. பெற்ற பிள்ளையிடம்கூட அதைக் கொடுத்துவைக்க யோசிப்பார்கள். "முத்திரைதாங்கண்ணா ஆளு. ஆளுதான் முத்திரை" என்றார். ஷெட்டே வாயைப் பிளந்து கேட்டது.

கிம் முதல் முறை ஷாப்பைப் பார்க்க வந்த அன்று செக்‌ஷனுக்கு வயிற்று வலி. இரண்டாவது முறை, பாகலூரில் மாடு கன்று போட்டுவிட்டது என்று ஓடினார். மூன்றாவது முறையும் அதே மாடு கன்று போட்டது. நான் விவசாயக் குடும்பம். அந்த மாட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒப்பந்தத்துக்கு ஆயுத பூசையன்று நாள் குறித்தேன். நல்ல நாள் பார்க்காமல் நான் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. கிம் மாலையில் பெங்களூரில் விமானம் ஏறுகிறவர். காகிதத்தில் முத்திரை குத்தி, கையோடு எடுத்துப் போய்க் கொரியாவில் தலைமை ஆபீசில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேறொரு கம்பெனிக்கு ஆர்டர் போய்விடும். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, டிரைவரோடு மட்டும் வந்து இறங்கினார். ஆயுத பூசைக்கு யாரும் மட்டம் போட முடியாது. அதனால் செக்‌ஷனும் ஷெட்டில் இருந்தார். கார் கதவு சாத்திய சத்தம் கேட்டதுதான் தெரியும், ஆளைக் காணவில்லை.

வாசலில் பூசணிக்காய் உடைத்தபோது குங்குமம் சிவப்பாகத் தெறித்ததைப் பார்த்து கிம் ஓர் அடி பின்வாங்கினார். அப்புறம் சிரித்தார். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் வாங்கிக்கொண்டார். ஒப்பந்தக் காகிதத்தை மேசையில் விரித்து, பட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரல் கனத்தில் ஒரு சின்னக் கட்டை.

முனியப்பா அதைப் பார்த்தார். இத்தனை நாள் செக்‌ஷனின் பாடத்தைக் கேட்டவராயிற்றே. ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து நீட்டி, "சார், எல்லாத்துக்கும் பெரிய ஆயுதம் இதுதான்" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து கிம் குனிந்து முத்திரையைத் தாம்பாளத்தில் வைத்தார். தகடு அடிக்கிற டை, ஸ்பேனர், அளவெடுக்கிற வெர்னியருக்கு நடுவே முத்திரை உட்கார்ந்தது. சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. கற்பூரம் காட்டியாயிற்று.

கிம் முத்திரையை எடுக்கக் கை நீட்டினார். முனியப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேவுடி முந்தர பெட்டிந்தி தீயகூடது சார்!" கோபமோ பக்தியோ, எது வந்தாலும் அவருக்குத் தெலுங்கில்தான் வரும். பிறகு தமிழில் சொன்னார்: "சாமி முன்னால வெச்சதை நாளைக்கு மறுபூசை பண்ணித்தான் எடுக்கணும்."

மொத்த ஷெட்டும் ஆமாம் என்றது. எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆயுத பூசையில் வைத்த சுத்தியலை நான் பிறந்ததிலிருந்து அதே நாளில் தொட்டதில்லை.

"மை சீல்!" என்றார் கிம்.

என்னிடமிருந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டினேன். "சார்... சீல்... காட்... டுமாரோ."

கிம்மின் முகம் வெளுத்தது. முத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என்ன எழுதிக்கொள்ளப் போகிறார்களோ என்று பயந்திருக்க வேண்டும். அவர் நாட்டுச் சட்டம் அப்படி. செல்போனை எடுத்தார். என்னவோ பேசினார். நடுவில் 'போலீஸ்' என்று ஒரு வார்த்தை விழுந்தது. அந்த வார்த்தை மட்டும் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான்.

நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"யோவ் செக்‌ஷன்! வெளிய வாய்யா!"

"நான் இல்லைங்கண்ணா."

"இல்லாதவன் எப்படிய்யா பேசற?"

"மெதுவாப் பேசுங்கண்ணா. அந்தாளு போயிட்டாரா?"

"எங்கய்யா போவாரு? அவரு முத்திரை சாமிகிட்ட மாட்டிக்கிச்சு. நீ வந்து பேசலைன்னா ஆர்டரு காலி. வா!"

அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அது செக்‌ஷனின் குரல் மாதிரியே இல்லை.

"அண்ணா, விசா முடிஞ்சும் அங்க ஒளிஞ்சிருந்து வேலை செஞ்சவன் நானு. எனக்குச் சட்டமெல்லாம் எப்படித் தெரியும்னு நெனச்சீங்க? படிச்சா? ஒண்ணொண்ணும் மாட்டித் தெரிஞ்சுக்கிட்டது. குப்பைய மாத்திப் போட்டு மாட்டினன். கூட இருந்தவனைப் பத்தி உள்ளதைச் சொல்லி மாட்டினன். கடைசில பயந்து ஓடற பொழப்பே வேணாம்னு நானே ஆபீசுல போய் நின்னு, ஊருக்குப் போறன்னு சொல்லி ஏரோப்ளேன் ஏறினன். என் ஃபைலு மூடினாங்களோ இல்லியோ. அந்தாளு மூஞ்சியப் பாத்து அடையாளம் சொல்லிட்டாருன்னா என்னைக் கொண்டுபோயிருவாங்க. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறன்ண்ணா."

என்னிடம் பதில் பேசி ஜெயித்த ஆள் கிடையாது. அன்று ஜெயித்தவர் அவர்தான்.

"சரி. உள்ளயே இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கிம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆட்கள் சாமி படத்துக்கு முன்னால் அரண் மாதிரி நின்றார்கள். ஆர்டர் போயிற்று என்று மனதுக்குள் தலைமுழுகிவிட்டேன். அப்போது பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

செக்‌ஷன் வந்துகொண்டிருந்தார். விலங்கு மாட்ட வசதியாக இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து முன்னால் நீட்டியபடி. கிம்முக்கு எதிரே வந்து இடுப்புவரை குனிந்து, கொரியா பாஷையில் பேச ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்று பிறகு எனக்குச் சொன்னார்: "ஐயா, நான் உங்கள் நாட்டில் விசா இல்லாமல் இருந்தவன். என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். இவர்கள் திருடர்கள் இல்லை. உங்கள் முத்திரையைக் கும்பிட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்."

கிம் போனைக் கீழே இறக்கினார். இருந்தாலும் ஒரு ராத்திரி முத்திரையை விட்டுவிட்டுப் போக முடியாது என்றார். செக்‌ஷன் முனியப்பா பக்கம் திரும்பினார். கை இன்னும் விலங்குக்கு நீட்டியபடியே இருந்தது.

"முனியப்பண்ணா, ஸ்பேனரு என்ன?"

"ஆயுதம்."

"இந்த முத்திரை?"

"அதுவும் ஆயுதம்தான்."

"இல்லீங்கண்ணா. கொரியாச் சட்டப்படி இது அந்தாளு. அவரே. நீங்க இப்ப சந்தனம் பூசினது கிம் சாருக்கு. பூசைக்கு வந்த மனுசனுக்குப் பொட்டு வெச்சோம்னா, அவரு எந்திரிச்சு வீட்டுக்குப் போலாமா, இல்ல மறுபூசை வரைக்கும் தாம்பாளத்துலயே உக்காந்திருக்கணுமா?"

முனியப்பா சாமி படத்தைப் பார்த்தார். கிம்மைப் பார்த்தார். கிம்மைத் தாம்பாளத்தில் உட்கார வைத்துப் பார்த்தாரோ என்னவோ, சிரிப்பு வந்துவிட்டது. "மனுசன்னா போலாம்" என்று சொல்லி, வெற்றிலை பாக்கு, ஒரு பழத்தோடு முத்திரையை எடுத்து கிம்மின் கையில் கொடுத்து வழியனுப்பினார்.

முதல் முறை குத்தியபோது பள்ளத்திலெல்லாம் சந்தனம் அடைத்திருந்ததால் காகிதத்தில் ஒரு தீற்றல்தான் விழுந்தது. துடைத்துவிட்டு, வைத்திருந்த இன்னொரு காகிதத்தில் குத்தினார். சிவப்பாக, அழகாக விழுந்தது. ஆர்டர் என்னுடையதாயிற்று. என் சாமர்த்தியத்தில் பாதி அதில் உண்டு, மறுக்க மாட்டேன்.

கிம் செக்‌ஷனின் நீட்டிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். தானாகப் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்பியவனின் கதை அந்த விமான நிலையத்திலேயே முடிந்தது, இத்தனை வருஷம் எதற்குப் பயந்தாய் என்றார். "நான் தகரம் வாங்க வந்தவன். போலீஸ் இல்லை" என்றாராம். பிறகு எங்களோடு சாப்பிட உட்கார்ந்தபோது, எல்லோரும் கையைக் கட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் கேட்டார். செக்‌ஷன் கூச்சத்தோடு விளக்கினார். கிம் விழுந்து விழுந்து சிரித்து, அது சட்டம் இல்லை, எங்கள் அம்மாக்கள் சொல்லித் தருவது என்றார். மறுநாளிலிருந்து நான் கை கழுவி வருவதற்குள் பாதிப் பேர் மோருக்குப் போயிருந்தார்கள்.

செக்‌ஷன் மகள் கல்யாணத்தில் பந்தியில் முதல் இலை எனக்குத்தான். அடுத்த வருஷம் கிம்மின் கம்பெனியே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. நான்தான் போகச் சொன்னேன். மேசையைக் காலி செய்த அன்று, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"நான்தான் உள்ளயே இருன்னு சொன்னனே. அப்புறம் ஏன்யா வெளிய வந்த?"

அவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஸ்டோர் ரூம்ல ஒரே புழுக்கம்ண்ணா. தாங்க முடியல."

புரட்டாசி மாதத்தில் ஓசூரில் புழுக்கம் தாங்கவில்லை என்று சொன்ன மனிதர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அந்த ஆயுத பூசைக் காலையில் நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.