பெண் பார்க்க வந்த நாளில் மூன்று ஆல்பம் பாக்கி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி, சீட்டு என்றால் நாலு பேரிடம் சொல்லியாவது அழலாம். இதை யாரிடமும் சொல்லி அழவும் முடியாது. லண்டனில் வெளியாகும் இங்கிலீஷ் ஆல்பங்களின் வாராந்திரப் பட்டியலில் அந்த வாரம் புதிதாக நுழைந்தவற்றை ஒன்று விடாமல் கேட்பேன். (ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம் இல்லை, பாட்டு ஆல்பம். எங்கள் அம்மா ஆறு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். "ஊரான் வீட்டுக் கல்யாணத்தை எதுக்குடி வாராவாரம் பாக்குறே?")

அதற்குச் சட்டதிட்டம் வேறு. அடியில் இருப்பதிலிருந்து மேலே போக வேண்டும். எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஒரு பாட்டைக்கூடத் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு வரி எழுதி என் இணையப் பக்கத்தில் போட்டுவிட வேண்டும். அதைப் படிப்பவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் என் சித்தி, பெரியம்மா பிள்ளைகள். ஆனாலும் நான் எழுதாவிட்டால் லண்டனில் யாருக்கும் சோறு இறங்காது என்பது என் எண்ணம்.

அப்போது திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்தவளுக்கு ஒருவழியாக ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் காய்கறி மொத்த வியாபாரம். போட்டோ பிடித்திருந்தது. பத்து நிமிடம் போனில் பேசியபோது, "நீங்க என்ன பாட்டுக் கேப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். (அதற்கு முன் கேட்டவர்கள் எல்லாம் இரண்டாவது நிமிடமே "சாப்டீங்களா?" என்று பேச்சை மாற்றியவர்கள்.) எனக்கு ரொம்பவே பிடித்துப் போயிற்று. இந்த இடம் மட்டும் தட்டிப் போகக் கூடாது என்று மாரியம்மனுக்கு மாவிளக்குகூட நேர்ந்துகொண்டேன்.

அவர்கள் வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்த வாரம் பார்த்தா பட்டியலில் ஒன்பது புது ஆல்பம் வர வேண்டும்! ஆறு முடித்திருந்தேன். மூன்று பாக்கி. அவர்கள் கிளம்பிப் போய் நான் சேலை மாற்றி உட்கார்ந்து மூன்றையும் கேட்டு முடிப்பதற்குள் ஆறு மணி தாண்டிவிடும்.

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. இடது காதில் மட்டும் வயரில்லாத இயர்பட் மாட்டினேன். வலது காது சம்பந்திகளுக்கு, இடது காது பட்டியலுக்கு. காதை மறைத்து முடியை இறக்கிச் சீவி, மேலே மல்லிகையைச் சரித்து விட்டேன். அப்பா மல்லிகைத் தோட்டக்காரர் என்பதால் வீட்டில் பூவுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கேசரியும் காபியும் கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். ஏழாவது ஆல்பத்தில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஒரு காதில் அவன் அப்படிக் கத்தினால் மறு காதில் மனிதக் குரல் எப்படி ஏறும்? அது எனக்குத் தோன்றவே இல்லை. பின்னால் டிரம்ஸ் மட்டும் பிரமாதம். தலை தானாக ஆடியது. மாப்பிள்ளையின் அம்மா ஏதோ கேட்டார், தலையாட்டினேன். இன்னொன்று கேட்டார், அதற்கும் ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு அடக்கமான பெண்ணா என்று நினைத்திருப்பார்.

திடீரென்று எல்லோரும் அமைதியாகி என்னையே பார்த்தார்கள். நானும் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அம்மா பின்னாலிருந்து தொடையைக் கிள்ளினார்.

"பாட வருமான்னு கேட்டாக, ஆட்டுனே. ஒரு பாட்டுப் பாடுன்னாக, அதுக்கும் ஆட்டுனே. பாடித் தொலைடி!"

நான் தலையை இன்னும் குனிந்துகொண்டேன். "கொஞ்சம் வெக்கப்படுவா" என்று அம்மா சமாளித்தார்.

"பரவாயில்லீங்க, பொண்ணு எங்களுக்குப் புடிச்சுப் போச்சு. நேரம் போறதுக்குள்ள பூ வெச்சுப் போடலாமுங்க" என்று எழுந்தார் மாப்பிள்ளையின் அம்மா. பூ வைத்துவிட்டால் பேச்சு உறுதி. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் குங்குமச் சிமிழும் பூவும் இருந்த தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் என் தலையில் பூவைச் செருகினார். ஏற்கெனவே நாலு முழம் இருந்த தலை. இடம் கிடைக்காமல் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார்.

இயர்பட் புறப்பட்டு நேராகக் குங்குமச் சிமிழுக்குள் விழுந்தது. அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஈ கத்துவது மாதிரி அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இது என்னங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பதில் சொன்னவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவருக்கே ஒரு காது மந்தம், அந்தக் காதில் மெஷின் மாட்டியிருந்தார். ஆகவே இந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"காது மெஷினுங்க. புது மாடலாட்ட இருக்குது. எங்க வாங்குனீங்க? என்னோடது கொய்ங்குன்னு ஒரே சத்தம்."

மாப்பிள்ளையின் அம்மா பாதி செருகிய பூவோடு கையை எடுத்துவிட்டார். "அதுதான் எதைக் கேட்டாலும் தலையாட்டுச்சா? கொறைன்னா கொறைன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே. மறைக்கலாமுங்களா?"

"அய்யய்யோ, எம்புள்ளைக்குக் காது நல்லாக் கேக்கும்ங்க!" என்று பதறினார் அப்பா. "சொன்னாத்தான் கேக்க மாட்டா."

நான் பாட்டு, பட்டியல், ஏழாவது, எட்டாவது என்று என்னென்னவோ உளறினேன். பெண் பார்க்க வந்த நேரத்தில் ஒருத்தி இங்கிலீஷ் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதைவிட, காது கேட்காது என்பதுதான் அவர்களுக்கு நம்பும்படி இருந்தது. ராகு காலத்துக்குக் கால் மணி நேரம். மாப்பிள்ளையின் அம்மா தட்டும் கையுமாகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"இருங்கம்மா" என்றார் மாப்பிள்ளை. அன்று அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். "பெரியப்பா, வாசல்ல போயி மெதுவா ஏதாச்சும் சொல்லுங்க. அதை அவங்க அப்படியே திருப்பிச் சொல்லட்டும்."

என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவளை நிற்க வைப்பதைப் போல. பெரியப்பா வாசலுக்குப் போய்த் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுத்தார். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. ஆனால் அதைச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன்.

"பாத்தீங்களா, கேக்கலை" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

வாழ்க்கையே போகிறது, இனி என்ன தயக்கம் என்று பெரியப்பா முணுமுணுத்ததை அப்படியே சத்தமாகச் சொல்லிவிட்டேன். "எங்க ஊட்டுக்காரிக்குத் தெரியாம இன்னொரு தட்டுக் கேசரி கெடைக்குமுங்களா?"

மாப்பிள்ளையின் பெரியம்மா விருட்டென்று எழுந்தார். "உங்களுக்குச் சக்கரை எம்புட்டு இருக்குதுன்னு தெரியுமுங்களா உங்களுக்கு?" பெரியப்பா வாசலோடு வாசலாகத் தோட்டத்துப் பக்கம் நழுவினார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த குங்குமம் கொட்டியது. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலு இருபத்தைந்துக்கு மீதிப் பூவையும் செருகி முடித்தார்கள்.

அத்தை (இனி அப்படித்தானே சொல்ல வேண்டும்) இயர்பட்டைத் துடைத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். "ஏன் கண்ணு, இவனுக்கு வயித்து வலியா?" என்றார் கவலையோடு. நானே எழுதியிருந்தாலும் அந்த ஆல்பத்தைப் பற்றி அதைவிடச் சரியாக எழுதியிருக்க முடியாது. அன்று மாலை அப்படியே போட்டேன். லண்டனில் யாரும் பட்டினி கிடந்ததாகத் தகவல் இல்லை. மற்ற இரண்டு ஆல்பத்தையும் இன்றுவரை கேட்கவில்லை.

கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. அந்த இயர்பட்டை எவ்வளவு துடைத்தும் சிவப்புப் போகவில்லை. என் காதோரம் இலேசாகக் குங்குமம் ஒட்டியிருந்தால் பட்டியல் ஓடுகிறது என்று வீட்டில் அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்க வரச் சொல்லி அத்தை மூன்று தடவை கூப்பிட்டும் நான் அசையாமல் இருப்பேன். அப்போதெல்லாம் அவர் ஒரே வார்த்தையை, அதுவும் சமையலறைக்குள் நின்று மிக மெதுவாகச் சொல்வார்.

"கேசரி."

நான் திரும்பிவிடுவேன். தோட்டத்துப் பக்கமிருந்து அடுத்த வீட்டுப் பெரியப்பாவும் வந்துவிடுவார்.