ஆளுக்கொரு ஐஸ்கிரீம்

டாக்சி ரேடியோவில் அந்தப் பாட்டு மட்டும் வராமலிருந்திருந்தால் பெனியமினாவின் திட்டம் பிசகியிருக்காது.

திட்டம் எளிமையானது. நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில் இறங்கியதிலிருந்து சாயங்கால விமானம் ஏறும் வரை கணவனும் மனைவியும் சமோவா மொழியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சமோவாக்காரர் எதிரே வந்தால் இருவரும் கடலைப் பார்ப்பது. பேச்சுக் கொடுத்தால் ஊர் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் உறவு வந்துவிடும். உறவு வந்தால் சாப்பாடு வரும். அத்தோடு நாள் போய்விடும்.

அன்று அவர்களுடைய கல்யாண நாள். மனைவி செலா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடலோரத்துல ஒரு பெஞ்சு. ஆளுக்கொரு ஐஸ்கிரீம். யாரும் பக்கத்துல வந்து 'எனக்கு ஒரு வாய்'னு கேக்கக் கூடாது. நீயும் நானும் மட்டும். அவ்வளவுதான்யா."

அவர்கள் குடியிருக்கும் ஆக்லாந்தில் அது நடக்கிற காரியமில்லை. அங்கே ஒட்டாரா பகுதியில் இருந்த வீட்டில் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். போதாததற்கு இரண்டு வாரம் தங்கிப் போகிறேன் என்று வந்து, போவதை மறந்துவிட்ட சித்தப்பா. முந்தின நாள்தான் போனில் மலிவான டிக்கெட் கண்ணில் பட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் பாதிப் பேர் கூடவே கிளம்புவார்கள், மீதிப் பேர் வெலிங்டன் சொந்தக்காரர்களுக்குப் பார்சல் கொடுத்தனுப்புவார்கள்.

விடியுமுன், விளக்குப் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டு வெளியேறினார்கள். சித்தப்பாவின் குறட்டைகூட அன்று கேட்கவில்லை. வாசலில் எப்போதும் குன்றுபோல் கிடக்கும் செருப்புக் குவியலிலும் தேட வேண்டியிருக்கவில்லை. கை வைத்ததும் அவரவர் செருப்பு கிடைத்தது.

"ஆண்டவர் நம்ம பக்கம் இருக்காரு," என்று கிசுகிசுத்தாள் செலா.

வெலிங்டன் டாக்சியில் ஏறியபோது, ஓட்டுநர் தங்கள் நாட்டுக்காரர் என்பது கண்ணாடியில் தொங்கிய சிப்பி மாலையிலேயே தெரிந்தது. உடனே இருவரும் கடலைப் பார்த்தார்கள். அவர் ரேடியோவைத் திருகினார். சமோவா ஞானப்பாட்டு ஒன்று தொடங்கியது. முதல் அடி வரை செலா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கோயில் பாடற்குழுவில் இத்தனை வருடம் இரண்டாங்குரல் பாடிய தொண்டை அது. இரண்டாவது அடியில் தானாகத் திறந்துகொண்டது.

கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள் விரிந்தன.

"அக்கா, எந்தக் கோயில் நீங்க?" என்றார். அவர் பெயர் ரொபாட்டி. "அண்ணே, எந்த ஊரு?"

பெனியமினா அவசரமாகக் கணக்குப் போட்டார். சொந்த ஊரைச் சொன்னால் தப்ப முடியாது. சமோவாத் தீவின் மேற்குக் கோடியில், தான் ஒருநாளும் மிதித்திராத ஊரைச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நிற்கும்.

"ஃபலேயலுபோ," என்றார்.

வண்டி நின்றது.

"என் மாமியார் ஊரு," என்றார் ரொபாட்டி. மீட்டரை அணைத்தார். "சும்மா வாசல்ல நின்னு ஒரு வணக்கம் சொல்லிட்டு வந்துடலாம்ணே. ஊர்க்காரங்க வந்தும் காட்டாம விட்டேன்னு தெரிஞ்சா அந்த அம்மா என்னை வீட்டுக்குள்ளேயே விடாது."

வாசல் வணக்கம் பாயில் போய் முடிந்தது. மாமியார் தினே பெரிய உருவம், அதைவிடப் பெரிய மனசு. தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு வந்தது, பன்றி இறைச்சி வந்தது, அக்கம்பக்கத்தார் வந்தார்கள்.

"நீ யாரு மகன்ப்பா?"

பெனியமினா ஒரு கிழங்கை வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருப்பவனை யாரும் பதில் சொல்லச் சொல்வதில்லை.

"உங்க வீடு கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

இன்னொரு கிழங்கு.

"பாவம், நல்ல பசி போல," என்று தினே தட்டை மறுபடி நிரப்பினாள்.

இதற்குள் ரொபாட்டி, செலாவின் குரலைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அன்று சனிக்கிழமை ஒத்திகை. இரண்டாங்குரல்காரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "ஆண்டவராப் பாத்து அனுப்பியிருக்காரு," என்றார்கள் பாடற்குழுப் பெண்கள். செலா புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பெஞ்சும் இரண்டு ஐஸ்கிரீமும் கரைந்துகொண்டிருந்தன.

பெனியமினா கிழங்கை விழுங்கினார்.

"மன்னிக்கணும்மா. என் அண்ணன் ஒருத்தர் இங்க ஆஸ்பத்திரியில கிடக்காரு. அவரைப் பாக்கத்தான் வந்தோம். உடனே போகணும்."

தினே நெஞ்சில் கை வைத்தாள்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா, மகனே? இத்தனை நேரம் உன்னை உக்கார வச்சுத் திங்கச் சொல்லிக்கிட்டு இருக்கேனே." பிறகு உள்பக்கம் திரும்பி, "பிள்ளைங்களா, கோயில் வண்டியை எடுங்க. சூப்பைச் சட்டியோட தூக்குங்க. கித்தாரை மறந்துடாதீங்க."

வண்டியில் செலா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "கல்யாண நாளும் அதுவுமா இப்படிக் கூசாமப் பொய் சொல்றியேய்யா. ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு."

"அவரு மட்டும் பாத்தாப் பரவாயில்ல. பின்னாடி பாரு, இன்னொரு வண்டி வருது."

கடலோரம் வந்தது. ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அதன் பக்கத்திலேயே ஐஸ்கிரீம் கடை. இரண்டும் ஜன்னலைத் தாண்டிப் போயின.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் கூட்டம் நின்றது. பெனியமினா எட்டிப் பார்த்தார். எல்லாப் படுக்கையருகிலும் யாரோ ஒருவர் இருந்தார்கள். ஜன்னலோரப் படுக்கையில் மட்டும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், காலில் மாவுக்கட்டோடு, சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"அதோ, அவருதான்," என்றார் பெனியமினா.

தினே கிழவரின் சிவந்த முகத்தைப் பார்த்தாள். பெனியமினாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா வழியில," என்றார் அவர்.

கிழவர் தலையைத் திருப்பினார். கூட்டத்தைப் பார்த்தார், கித்தாரைப் பார்த்தார், சட்டியை அதிக நேரம் பார்த்தார்.

"வந்துட்டியா தம்பி," என்றார். "எத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன். அந்தச் சட்டியில என்ன?"

சூப்புதான் முதலில் தீர்ந்தது. அப்புறம் பாட்டு. செலாவின் குரல் சேர்ந்ததும் நர்சுகள்கூட வாசலில் வந்து நின்றார்கள். கிழவர் பெனியமினாவின் கையைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"நீ யாருப்பா?"

"அப்புறம் சொல்றேண்ணே."

"ஒண்ணும் அவசரமில்ல. இன்னொரு பாட்டுப் பாடச் சொல்லு."

தெற்கே ஆட்டுப் பண்ணையில் தனியாக இருப்பவராம். கீழே விழுந்ததால் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வந்து பார்க்க ஆளில்லை. புறப்படும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தினே அவர் போர்வையைச் சரி செய்தாள்.

"கவலைப்படாதே மகனே," என்றாள் பெனியமினாவிடம். "நீ ஊருக்குப் போனாலும் ஞாயித்துக்கிழமை தவறாம உன் அண்ணனை நாங்க வந்து பாத்துக்குவோம்."

அதற்கு மேல் பெனியமினாவால் தாங்க முடியவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஃபலேயலுபோ பொய், அண்ணன் பொய், எல்லாம் பொய்.

தினே வண்டி குலுங்கச் சிரித்தாள். "நீ ஊர்ப் பேரைச் சொன்னப்ப உன் பெண்டாட்டி முழிச்ச முழியைப் பத்தி ரொபாட்டி வந்ததுமே சொல்லிட்டான். அதனால என்ன? பொய் சொல்லிக்கிட்டு வந்தவனுக்கும் பசிக்குமில்ல? அந்தக் கிழவன் பசியும் பொய்யில்லையே." ஒரு பெட்டி கிழங்கையும் டின் இறைச்சியையும் அவர் மடியில் வைத்தாள். "அடுத்த தடவை உன் சொந்த ஊரைச் சொல்லிக்கிட்டே வா."

விமானத்தில் பெனியமினா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "ஒரு பெஞ்சுல உன்னை உக்கார வைக்க முடியல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நம்ம ரெண்டு பேருக்கும்னு..."

"விடுய்யா. அந்தப் பெரியவர் சிரிச்சாருல்ல," என்றாள் செலா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒட்டாராவுக்கு வந்தபோது அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. வாசலில் ஒரு செருப்பும் இல்லை. பெனியமினா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சொல்லாமல் போனதற்குக் கோபித்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் எங்கேயோ போய்விட்டதா?

வேலிக்கு அந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டோங்கா தீவுக்காரி வியப்போடு நிமிர்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் வெளியில எங்க போனீங்க? 'கல்யாண நாளு, வருஷத்துல இந்த ஒரு நாளாவது அவங்க ரெண்டு பேரும் வீட்டுல தனியா இருக்கட்டும்'னு உங்க ஆளுங்க அத்தனை பேரும், அந்தச் சித்தப்பாவையும் இழுத்துக்கிட்டு, நேத்து நீங்க தூங்கினதுமே சத்தமில்லாமக் கிளம்பிப் போயிட்டாங்களே. ஃப்ரீசர்ல ஆளுக்கொரு ஐஸ்கிரீம்கூட வச்சிருக்காங்களாம்."