அத்தானின் மொறிஸ் படலை தாண்டாத காரணம்

உவர்மலை,
திருகோணமலை.
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய தவராசா அத்தானுக்கும், என் உடன்பிறந்த அக்காவுக்கும்,

மைத்துனன் ஞானசேகரம் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் கமலாதேவியும் கோணேசர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தையும், அக்காவின் முழங்கால்கள் இரண்டின் சுகத்தையும் தனித்தனியே அறிய ஆவல். கனடாவில் பனி குறைந்ததா? இங்கே மழை விட்டு, துறைமுகம் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன் அத்தான். நான் வணக்கம் சொல்லி முடிக்கும் முன்னரே "வண்டி எப்பிடி?" என்கிறீர்கள். வண்டியைப் பற்றித் தொடங்கினால் "சுருக்கமாச் சொல்லு" என்கிறீர்கள். இது சுருக்கத்துக்குள் அடங்குகிற விஷயம் இல்லை. கடிதத்தை இடையில் வெட்ட உங்களால் ஏலாது. அதனால்தான் குசினி மேசையில் தாளும் பேனையுமாக உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடிந்ததும் கமலா இதைப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புவாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

வருகிற ஞாயிறு உங்கள் மொறிஸ் காரை ஏற்ற கொழும்பிலிருந்து லொறி வருகிறது. பழைய கார்கள் சேர்க்கிற அந்தப் பெரியவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் இந்த ஊரில் விட்டுப்போனவற்றில் மிச்சம் இருப்பது இந்த வண்டியும் நானும்தான். முதலில் சண்டை என்றீர்கள், வர ஏலாது. பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு கொறோனா, இப்போது முழங்கால். ஆனாலும் ஒவ்வொரு முறையும் "வண்டியை ஒருக்கா வந்து ஓட்டிப் பாக்கவேணும்" என்று சொல்லித்தான் போனை வைப்பீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை வருஷமாக அதைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். வண்டியும் போனால் இங்கே வருவதற்கு உங்களுக்கு என்ன சாட்டு? என்னைப் பார்க்க வருவீர்கள் என்று நம்புகிற வயது எனக்குக் கடந்துவிட்டது.

அது கிடக்கட்டும், வேலை விபரத்துக்கு வருகிறேன். "முந்தி இருந்த மாதிரியே திருத்து, ஒண்டையும் மாத்தாதை" என்று சொல்லியிருந்தீர்கள். நல்ல சொல். ஆனால் உங்கள் வண்டி மற்ற மொறிஸ் மாதிரி முழுத்தகரம் இல்லையே. முன்பாதி தகரம், பின்பாதி மரச்சட்டம், பின்னுக்கு அலுமாரி மாதிரி இரண்டு கதவு. கராஜ்காரரிடம் கேட்டால் "மரவேலையை ஆசாரியிட்டக் குடுங்கோ" என்கிறார்கள். ஆசாரியிடம் கேட்டால் "ஓடுற சாமானுக்கு நான் கை வைக்கமாட்டன், கட்டில் எண்டால் சொல்லுங்கோ" என்கிறார். ஓடுவதாகவும் இருக்கவேண்டும், மரமாகவும் இருக்கவேண்டும் என்றால் இந்த ஊரில் அது ஒன்றுதான் அத்தான், வள்ளம். அப்படித்தான் நான் கிண்ணியாவுக்குப் போய் வள்ளம் கட்டுகிற ஸெய்னுதீன் காக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தனான். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, அந்த நேரம் அது எனக்கு நல்ல மூளையாகத்தான் பட்டது.

காக்கா வண்டியைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, மூக்கை வைத்து மணந்து பார்த்து, "இதில அணியம் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். வள்ளத்தின் முன்பக்கத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வது. எஞ்சின் இருக்கிற பக்கம் என்றேன். "வள்ளத்துக்கு எஞ்சின் பின்னுக்கெல்லா இரிக்கிம்" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கறையான் தொடாது என்று வேப்பம்பலகை எடுத்து, அதையும் சும்மா விடாமல் கடலில் ஊறப்போட்டு, காயவைத்து, வளைத்துப் பூட்டி, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சும் பிசினும் அடைத்து, மேலே வார்னிஷும் பூசிக் கொடுத்தார். அழகென்றால் அழகு. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே கிளம்பி நிற்கிறது. அலைக்கு அப்படி இருந்தால்தான் நல்லது என்கிறார். கண்டி வீதியில் அலை இல்லை என்று நான் சொல்லவில்லை, கைவேலைக்காரரின் மனதை நோகடிக்கக்கூடாது. "சொட்டுத் தண்ணியும் உள்ளுக்கு வராது தம்பி. அதுக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

எஞ்சின் வேலையைச் செய்தது அவருடைய மருமகன் அஸாம். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற ஆள். உங்கள் பழைய எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்ததால் உடைந்த வான் ஒன்றின் எஞ்சினைப் பூட்டினான். உங்களிடம் சொல்லாததற்கு மன்னிக்கவும், இப்போது சொல்லிவிட்டேன். டாஷ்போட்டுக்குக் கீழே குளிருக்குச் சூடு காட்டுகிற ஹீற்றர் ஒன்று இருந்ததைப் பார்த்து அவன் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான். "திருகோணமலையில ஹீற்றரா ஐயா?" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்குப் போன கறுப்பு இறப்பர் குழாயை மட்டும் பிறகு வெட்டுவோம் என்று தொங்கவிட்டுப் போனான். இந்தக் குழாயை ஞாபகத்தில் வைத்திருங்கள் அத்தான்.

முதல் ஓட்டம் கோணேசர் கோயிலுக்கு. நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து நசித்து, கமலா முன்னால் சேலையில், நான் வேட்டியில். வண்டி அருமையாகப் போனது. கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டை வாசலுக்குள்ளே மான் கூட்டம் நின்றது. ஹோர்ன் அடித்தேன். விலகுவதற்குப் பதிலாகக் கிட்ட வந்து வண்டியின் பின்பக்கத்தை நக்கத் தொடங்கின. கடலில் ஊறிய பலகை அல்லவா, முழுக்க உப்பு. ஒன்று நக்க மற்றதும் வர, சுற்றிவர மான். வெள்ளைக்காரர் இறங்கிப் படம் பிடிக்கிறார்கள். கமலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு "இஞ்சேருங்கோ, இறங்கிக் கலையுங்கோவன்" என்கிறாள். இறங்கக் கதவு திறக்க ஏலாது, கதவோடு ஒட்டி ஒரு கொம்பன் மான் நிற்கிறது. சாமி கும்பிடப் போனவர்கள் பூசை முடிந்து திரும்பும்வரை நாங்கள் உள்ளேயே இருந்தோம்.

பிறகுதான் மாரி மழை பிடித்தது. காக்கா சொன்னது சத்தியம், சாத்திய வண்டிக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் ஒருநாள் வண்டியைக் கொட்டிலுக்குள் விடாமல் முற்றத்தில் விட்டு, யன்னலையும் சாத்த மறந்துபோனேன். விடியப் பார்த்தால் வண்டிக்குள் முழங்காலளவு தண்ணீர். தண்ணீரை உள்ளே விடாத வண்டி வெளியே மட்டும் விடுமா? கமலா குசினிச் சட்டியால் அள்ளி அள்ளி ஊற்றினாள். ஊற்றும்போது என் குலத்தைப் பற்றிச் சொன்னவற்றை அக்கா வாசிக்கவேண்டாம் என்று விடுகிறேன், அது அவவுக்கும் சேர்ந்த குலம். கடைசியில் அஸாம் வந்து தரையில் ஒரு பெரிய ஓட்டை போட்டான், தண்ணீர் போனது. தண்ணீர் போன வழியால் கறையான் வந்தது. வேப்பம்பலகையை அது திரும்பியும் பார்க்கவில்லை. நனைந்த சீற்றுக்குள் இருந்த தேங்காய்த் தும்பில் விழுந்தது. மழை என்று ஒரு மாதம் கொட்டில் பக்கம் போகாமல் இருந்துவிட்டுப் போய்ப் பார்த்தால், ஓட்டைக்குள்ளால் கிளம்பி, சாரதி இருக்கிற இடத்தில், ஸ்டியறிங் உயரத்துக்கு ஒரு செம்மண் புற்று. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ தடித்த மனுசன் வண்டி ஓட்டுகிற மாதிரியே இருக்கிறது.

புற்றை இடிக்க அலவாங்குக் கம்பி எடுக்கத்தான் திரும்பினேன். அதற்குள் பக்கத்து வீட்டு நிரோஜினி ரீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "ஐயோ அண்ணை, பாம்பு!" என்று கத்தினா. டாஷ்போட்டுக்குக் கீழே கறுப்பாக, நீளமாக, புற்றுக்குள் தலையை விட்டபடி கிடந்தது. கமலா உடனே செருப்பைக் கழற்றினாள். அவ்வளவுதான் அத்தான், அந்தக் கணத்திலிருந்து அது உங்கள் மொறிஸ் இல்லை, நாகதம்பிரான் கோயில். அன்றைக்குப் பின்னேரமே பால் வந்தது, முட்டை வந்தது, மஞ்சளும் குங்குமமும் வந்தது. ஸ்டியறிங்கில் யாரோ சிவப்புப் பட்டுக் கட்டிவிட்டார்கள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் பொனற்றில் பேனையை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நிரோஜினி ரீச்சர் படிப்பிக்கிறது விஞ்ஞானம். "பாம்பு பால் குடியாது எண்டு நீங்கள்தானே ரீச்சர் பிள்ளையளுக்கு எழுதிப் போடுறனீங்கள்?" என்று கேட்டேன். "அது சோதினைக்கு அண்ணை. இது பாம்புக்கு" என்று சொல்லிவிட்டுச் செம்பைச் சரித்தா.

ஸெய்னுதீன் காக்காவைக் கூப்பிட்டு இடிக்கச் சொன்னேன். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். முடித்துவிட்டு "வள்ளத்தில நண்டு ஏறினா நான் பாப்பன் தம்பி. இது உங்கட ஆக்கள்ற விஷயம், என்னைய மாட்டிவிடாதீங்க" என்று எழும்பிப் போனார். கோயில் ஐயரைக் கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, குடிவந்தவரை அடித்து எழுப்பக்கூடாது, வண்டியின் சொந்தக்காரர் தம்பதியாக நேரில் வந்து, தங்கள் கையால் பால் வார்த்து உத்தரவு கேட்கவேண்டும், பிறகுதான் வண்டி வீட்டு வாசல் படலையைத் தாண்டலாம் என்றார். சொந்தக்காரர் கனடாவில், அக்காவுக்கு மாடிப்படியே ஏலாது என்றேன். "நாகதம்பிரானுக்கு அவசரமில்லை" என்றார். எனக்கு அவசரம் இருந்ததே அத்தான். உங்கள் வாக்கு, ஞாயிற்றுக்கிழமை, லொறி.

ஆனால் நீங்கள் பயப்படவேண்டாம், எல்லாம் தீர்ந்தது. இன்று காலை, பெண்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலால் நல்லாகக் குனிந்து பார்த்தேன். பாம்பின் கழுத்தில் இரும்புக் கிளிப்! பாம்புக்குக் கிளிப் என்னத்துக்கு? அஸாம் தொங்கவிட்ட ஹீற்றர் குழாய். ஒரு மாதமாக உவர்மலைச் சனம் பால் வார்த்துக் கும்பிட்டது ஒரு இறப்பர் குழாயை. விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிந்ததும் ஏனோ அழுகையும் வந்தது. இனித் தடை ஒன்றும் இல்லைத்தானே, வண்டி போகப் போகிறது. கமலாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "குழாய் எண்டால் நீங்களே போய் இழுத்துக்கொண்டு வாங்கோவன்" என்றாள். கடிதம் முடிந்ததும் இழுத்து, அதையும் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புகிறேன். சனிக்கிழமை அஸாம் அலவாங்கோடு வந்து புற்றை இடிப்பான். ஞாயிறு லொறியில் வண்டி ஏறும். என் வேலை முடிந்தது.

அக்கா, உனக்கு ஒன்று. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உன்னை வழியனுப்பியபோது "அடுத்த வருஷம் வாறன்" என்றாய். அதை நான் கோபமாகச் சொல்லவில்லை. உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். வண்டியைப் பற்றி எழுதுகிற சாட்டில் இதுவரை எழுதாமல் விட்டது அதுதான். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அத்தானின் பிறஷர் குறையவும், உன் முழங்கால் மடங்கவும், அங்கே வெயில் எறிக்கவும் பத்திரகாளி அம்பாள் அருள் புரியட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
ஞானசேகரம்.

பி.கு: எழுத்து நடுங்குதெண்டு யோசிக்காதைங்கோ, நான் குசினி மேசைக்கு மேல ஏறி நிண்டு எழுதுறன். போய்க் குழாயை இழுத்தனான் அத்தான். கிளிப் போட்ட குழாய் கையோட வந்திட்டுது, அது குழாய்தான், நான் எழுதினது சரி. ஆனால் அதுக்குப் பக்கத்தில கிளிப் போடாத குழாய் ஒண்டும் கிடந்தது. அது எழும்பிப் படம் எடுத்து என்னைப் பாத்தது. நானும் பாத்தனான். நான்தான் முதல் ஓடினனான். கமலா செருப்பைக் கழட்டிப்போட்டு வாசல்ல நிண்டு கும்பிடுறாள், ரீச்சர் பாலுக்குப் போயிட்டா, அஸாம் போனை எடுக்கிறானில்லை. லொறிக்காரனை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன், கொழும்புப் பெரியவருக்கு நீங்களே சொல்லுங்கோ. மேல எழுதினது எல்லாத்தையும் விடுங்கோ, ஐயர் சொன்னதை மட்டும் திரும்ப வாசியுங்கோ: சொந்தக்காரர், தம்பதியாக, நேரில. வேற வழியில்லை அத்தான், டிக்கெற்றைப் போடுங்கோ. அக்காவுக்குப் படி ஒண்டும் ஏறவேண்டியதில்லை, வண்டி நிலத்திலதான் நிக்குது. பாலுக்கு நான் பொறுப்பு.