கொட்டகைக் கதவில் பதினொரு விதிகள்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து ஸ்டான்லி ஹெப்வொர்த் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவெடுத்தார். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் இனி மனைவி பெரில் கால் வைக்கக் கூடாது. இரும்பைக் கடையும் லேத் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, "உருளைக்கிழங்கை அவிக்கட்டுமா, வறுக்கட்டுமா?" என்று கேட்டால் எந்த மனிதனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

முப்பத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பெரிலைச் சண்டை போட்டு ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே சட்டத்தை நாடினார். பதினொரு பாதுகாப்பு விதிகளை, உட்பிரிவுகளோடு தட்டச்சு செய்து கதவில் ஆணியடித்தார். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நுழையக் கூடாது. தொங்கும் சட்டைக்கை ஆகாது. உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் அதை முடுக்கும் சாவியை விட்டுவிட்டு லேத்தை ஓட்டக் கூடாது. ஓடும்போது யாரும் பேசக் கூடாது. ஆறாவதுதான் பிரம்மாஸ்திரம்: விரலில் மோதிரம் இருந்தால் வாசலோடு சரி. கல்யாண மோதிரத்தைப் பெரில் கழற்றவே மாட்டாள் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை பழைய கார் கண்காட்சி. நாலு வருஷமாக அவர் செப்பனிட்ட 1954-ஆம் வருஷத்துக் கார் அங்கே போக, முன்சக்கரத்துக்குள் செருகும் வெண்கல வளையம், ஒரு புஷ், கடைந்தாக வேண்டும். வியாழக்கிழமை காலை கொட்டகைக்குப் போனார். வாசலை மறித்துக்கொண்டு பெரில்.

"ஆறாவது விதி. மோதிரத்தைக் கழட்டு."

"இதை எழுதினதே நான்!"

"அது லேத்துக்குத் தெரியுமா?"

"வெளியாளுக்காக எழுதினது."

"வெளியாளா? இந்த வீட்டுல உன்னை விட்டா நான் ஒருத்திதான் இருக்கேன்!" பெரிலின் குரல் கிழிந்தது. "மோதிரம் மாட்டினா விரலோட போகும்னு நீதானே எழுதியிருக்கே? உன் விரல் மட்டும் என்ன இரும்பா?"

ஸ்டான்லி இழுத்தார். வரவில்லை. சோப்பு போட்டார், வெண்ணெய் தடவினார். விரல்தான் வீங்கியது.

"அறுத்துடறேன்!"

"அறு. அப்படியே இன்னிக்கு ராத்திரி எங்க படுக்கறதுன்னும் முடிவு பண்ணிக்கோ."

எடுத்த ரம்பத்தை ஸ்டான்லி கீழே வைத்தார். பெரில் தன் மோதிரத்தை லேசாக உருவி அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"உனக்கு எப்படிக் கழண்டுது?"

"பாத்திரம் கழுவறப்ப தினமும் கழட்டறேன். நீ அந்தப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டாள்.

"தொடாதே! கை போயிடும்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். லேத் சுழன்றது. அவள் திரும்பாமலே கதவுப் பக்கம் விரலை நீட்டினாள். ஓடும்போது யாரும் பேசக் கூடாது. ஸ்டான்லி வாயை மூடிக்கொண்டு வெந்தார். வெண்கலம் சுருள் சுருளாக, ஒரே சீராக உரிந்து விழுந்தது. பழகின கை. அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

லேத் நின்றதும் பாய்ந்தார். "எங்கே கத்துக்கிட்டே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் பம்ப் கம்பெனியில லேத் ஓட்டினேனே."

"ஆபீஸ்லன்னுதானே சொன்னே?"

"லேத்துன்னுதான் சொன்னேன். அப்ப நீ பேசிட்டு இருந்தே."

தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே புஷ்ஷை மூன்று முறை அளந்தார். தப்பில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை, கார் சங்கத்தின் தலைவர் புல்லில் மல்லாந்து படுத்து முன்சக்கரத்தை ஆராய்ந்தார். "அடடா! இந்த புஷ் யாரு கடைஞ்சது?"

"என் மனைவி," என்றார் ஸ்டான்லி, பற்களுக்கு நடுவே.

தலைவர் துள்ளி எழுந்து பெரிலின் கையைக் குலுக்கினார். "அடுத்த மாசக் கூட்டத்துல நீங்க வந்து பேசணும்மா. ஒரே ஒரு சங்கடம். எங்க சங்கத்து வழக்கப்படி, பேசறவரோட மனைவிதான் எல்லாருக்கும் டீ போடணும்."

"எனக்கு மனைவி இல்லையே," என்றாள் பெரில்.

இருவரும் ஸ்டான்லியைப் பார்த்தார்கள். தலைவர் குறிப்பேட்டைத் திறந்து எதையோ எழுதினார். ஸ்டான்லி ஆத்திரத்தோடு வாயைத் திறந்தார்.

"நாப்பது பேரு," என்றார் தலைவர். "பாலை மட்டும் தனியா வச்சுடுங்க."