யார் சொல்லி வேலை செய்வீங்க?

“யார் சொல்லி வேலை செய்வீங்க?” என்று கேட்டார் தொழிலாளர் நல அதிகாரி.

“மேனேஜர் சொல்லி” என்று இரண்டே சொல்லில் உண்மையைச் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே பாதி ஜெயித்திருக்கும். லிஃப்ட் மெக்கானிக்கோ ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

“எனக்கு யாருங்க சொல்றது? இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். சத்தத்தை வச்சே எந்த மாடியில கோளாறுன்னு சொல்லிடுவேன்.”

பின்னால் இருந்த மனைவி அவர் முதுகில் கிள்ளினாள். அதற்குள் பதில் பதிவாகிவிட்டது. எதிரே கம்பெனி மேனேஜர் தன் டையைத் தடவிக்கொண்டு புன்னகைத்தார்.

நான்கு வருடங்களுக்கு முன் இதே மேனேஜர்தான் மெக்கானிக்குகளைக் கூட்டி வைத்து, “இன்றிலிருந்து நீங்கள் தொழிலாளிகள் அல்ல, தொழில்முனைவோர்!” என்று முழங்கினார். ஆளுக்கு நூறு விசிட்டிங் கார்டு கிடைத்தது. அதே சட்டை, அதே வேன், அதே லிஃப்டுகள். வருகைப் பதிவேடு மட்டும் போயிற்று. அதன் பின்னாலேயே விடுப்பும் போயிற்று.

இரண்டு மாதம் முன்பு ஏணி சறுக்கி இவர் முழங்கால் உடைந்தபோது, “தங்கள் நிறுவனம் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்” என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கூடவே அவர் இடத்துக்கு வேறு ஆளும் வந்தார். மெக்கானிக் கம்பெனி ஊழியர்தான் என்று அதிகாரி ஏற்றால் வேலையும் சிகிச்சையும் உண்டு. இல்லையென்றால் கட்டுப்போட்ட ஒரு முழங்காலுக்கு அவர் ஏகபோக முதலாளி.

“ஸ்பேனர், டூல்ஸெல்லாம் கம்பெனி குடுக்குதா?”

“குடுக்கும். அதை மனுஷன் தொடுவானா? எல்லாம் நானே பாத்துப் பாத்து வாங்கினது.”

மறுபடி ஒரு கிள்ளு. மெக்கானிக்குக்கு உறைத்தது. அவசரமாகச் சரிக்கட்டினார்.

“ஆனா சட்டை கம்பெனி சட்டைங்க!”

“அவங்க தச்சுக் குடுத்ததா?”

“ஆமா. ஆனா தோள்பட்டை சரியில்ல. நம்ம டெய்லர்கிட்ட வேற தச்சுக்கிட்டேன்.”

அதிகாரி பேனாவை மூடி, பத்து நிமிடம் இடைவேளை விட்டார்.

வராந்தாவில் மனைவி பொரிந்தாள். “தினமும் காலையில ஏழு மணிக்கு அந்த மனுஷன் போன் பண்ணி எங்க போகணும்னு சொல்றாரு. நீங்க பாதிக் குளியல்ல ஓடுறீங்க. அதைச் சொன்னா என்ன?”

“அதைப் போய் நாலு பேர் முன்னாடி சொல்லுவாங்களா? மானம் போயிடும்.”

“நல்லாயிருக்கு. நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்.”

அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். அவரும் மேனேஜரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஜன்னலோரம் ஒரே பெஞ்ச். இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டு டப்பா. காலையில் பதிவேட்டில், நூலில் கட்டித் தொங்கும் பேனாவால் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு நிமிடம் தாமதமானாலும் ஃபோர்மேன் சிவப்பு மையால் கோடு இழுப்பார். அந்தச் சிவப்புக் கோட்டைக்கூட இன்று யாராவது இழுத்தால் தேவலை என்றிருந்தது. அப்போதெல்லாம் மேனேஜரின் கழுத்தில் தொங்கியது டை அல்ல, எண்ணெய் துடைக்கும் துணி. ‘தொழில்முனைவோர்’ என்ற சொல் அவருக்குத் தெரியாது. “டேய், கிரீஸ் எடு” என்பதுதான் தெரியும்.

இடைவேளை முடிந்தது. “இவர் சுயதொழில் செய்பவர்” என்று மேனேஜர் ஒரு வரி சொன்னால் போதும். எழுந்த மேனேஜரின் முகம் ஏனோ சிவந்திருந்தது.

“சார், இவர் இஷ்டத்துக்கு வேலையா? நான் சொல்லாம இவர் ஒரு ஸ்க்ரூ திருகினது கிடையாது!”

கம்பெனி வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

மெக்கானிக் ஊன்றுகோலைப் பற்றி விருட்டென்று எழுந்தார். “போன வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டைத் திறந்தது யாரு?”

“திறந்தது நீ. எந்தப் பக்கம் திறக்கணும்னு போன்ல சொன்னது யாருடா?”

அவர் மேனேஜராகிப் பதினோரு வருடம் கழித்து அந்த ‘டா’ வந்து அறையில் விழுந்தது.

“நீதான்டா சொன்னே. தப்பாச் சொன்னே!”

“தப்பாச் சொன்னாலும் அப்படியே செஞ்சேல்ல?”

“செய்யாம? செவுத்தைப் பாத்துத் திறந்துச்சு! உள்ள இருந்த டாக்டர், ‘இதான் மூணாவது மாடியா?’ன்னாரு!”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மேனேஜர் டையைத் தளர்த்தினார்.

“காலையில ஏழு மணிக்கு நான் போன் பண்ணலேன்னா இவனுக்கு எங்க போறதுன்னே தெரியாது சார். லீவுன்னா என்னைத்தான் கேக்கணும். நான் குடுக்கமாட்டேன்!”

வக்கீல் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார் அதிகாரி.

அரைமணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டார்: மெக்கானிக் கம்பெனி ஊழியரேதான். மேனேஜர் வாசலில் ஒரு கணம் தயங்கி, “அந்தப் பெஞ்ச் இன்னும் ஜன்னலோரம்தான் கிடக்குடா” என்று சொல்லிவிட்டு, வக்கீலுக்குப் பதில் சொல்லப் போனார்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கியபடி மெக்கானிக் மார்தட்டினார்.

“பாத்தியா, எப்படி மடக்கினேன்! அவன் வாயாலேயே எல்லாத்தையும் வரவச்சேன்ல?”

“பாத்துக் கால் வைங்க” என்றாள் மனைவி. “தண்ணி குடிக்கிற இடத்துல மேனேஜர் அண்ணன் நின்னாரு. ‘ஆபீஸ்ல உங்க பேச்சை ஒருத்தரும் மதிக்கிறதில்லையாமே, எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு’ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன்.”