ஊட்டி ஏரியில் கப்பல் சோதனை

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் மழை பெய்தால் கூரை ஒழுகும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் இருந்த பக்கத்தில் வருஷத்தில் பாதி நாள் மழை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கை பேனாவைப் பிடித்தாலும் வெட்டத்தான் பார்க்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக் கோக்கிறவர் திருத்திப் போடவும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அதைத் திருத்துவதற்கென்றே எங்கள் வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார்.

அவர் என் மனைவியின் தம்பி பெரியசாமி. நான் ஊட்டி ஏரியில் விழுந்த கதையை ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் சொல்வார். வருஷத்துக்கு வருஷம் ஏரி ஆழமாகிக்கொண்டே போகிறது. போன பொங்கலுக்கு அதில் ஒரு முதலையும் வந்து சேர்ந்துவிட்டது. இன்னும் சும்மா இருந்தால் அது என்னைத் தின்றே விடும் என்று பயந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் சிலோன்காரர்கள். (அங்கே இருந்தவரை எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்த பிறகுதான் சிலோன்காரர்கள் ஆனோம்.) இரண்டு அரசாங்கமும் பேசி ஆள் பிரித்தபோது எனக்கு முதலில் பாஸ்போர்ட் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கேயே கலியாணமும் ஆயிற்று. என் அக்கா மருதாயி மட்டும் குடும்பத்தோடு ஹட்டன் பக்கம் தங்கிவிட்டாள். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான்.

ஒரு நாள் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களுக்கும் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. ஆனால் அக்கா கடலுக்குப் பயந்து அழுகிறாளாம். இப்போது ஓடுகிற கப்பல் சின்னது, பழையது. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குப் பெரிய புதுக் கப்பல் விடப்போகிறார்கள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. இதில் வருவதா, அதற்குக் காத்திருப்பதா? “தம்பி கப்பல்ல போனவன். அவன் எதுல ஏறச் சொல்றானோ அதுல ஏறுறேன். அவன் சொல்லாம ஒண்ணுலயும் ஏற மாட்டேன்” என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளை விட்டுவிட்டு நாங்கள் எப்படி வருவது, சீக்கிரம் எழுது என்று அத்தான் முடித்திருந்தார்.

கப்பலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கப்பல் கிளம்பியதும் குப்புற விழுந்தவன், இராமேஸ்வரத்தில் யாரோ முதுகில் தட்டியபோதுதான் எழுந்தேன். நடுவில் தின்றது, குடித்தது எல்லாம் வெளியே வந்தது. அந்தக் கப்பலைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, அதன் தரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்பது மட்டும்தான்.

யாரையாவது கேட்கலாம்தான். ஆனால் நான் கூச்ச சுபாவக்காரன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் நிறுத்தச் சொல்ல வாய் வராமல், அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள். கேட்காமலே யோசனை சொல்ல, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், ஆள் இருந்தது.

“பெருசுன்னா ஆடாது மச்சான். லாரியும் சைக்கிளும் ஒண்ணா?” என்றார் பெரியசாமி.

“பழசுக்குத்தான் வழி தெரியும். புதுசு எங்கயாச்சும் இட்டுக்கிட்டுப் போயிருச்சுன்னா?” என்றாள் பக்கத்து வீட்டு சுப்பம்மா.

கப்பல் என்ன மாடா, தானாக வழி கண்டுபிடிக்க என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆனால் ஒன்று முடிவு செய்தேன். அக்காவின் உயிர் விஷயம். வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்வது. கூச்சக்காரன் ஒரு முடிவு எடுத்தால் அதை யாராலும் அசைக்க முடியாது. ஏனென்றால் அவன் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

ஊட்டி ஏரியில் சின்னப் பழைய துடுப்புப் படகுகள் இருந்தன. புதிதாகப் பெரிய மோட்டார் படகும் விட்டிருந்தார்கள். சின்னது, பழசு. பெரிசு, புதுசு. இதைவிட என்ன வேண்டும்? (தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்புக்கு அவ்வளவுதான் எட்டும்.) இரண்டிலும் ஏறிப் பார்ப்பது, எதில் வாந்தி வருகிறதோ அது அக்காவுக்கு வேண்டாம். சோதனை நியாயமாக நடக்க வேண்டுமென்றால் அன்றைக்குக் கப்பலில் தின்றதையே தின்ன வேண்டும். மனைவியிடம் தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் செய்யச் சொன்னேன். படகுக்கு ஒன்றாக இரண்டு பொட்டலம்.

“வாந்தி எடுக்கிறதுக்குன்னு ரொட்டி சுடச் சொல்ற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்” என்றாள் ராசம்மா. ஆனால் சம்பலில் மிளகாயைக் குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கலியாணத்துக்குத் தைத்த கம்பளிக் கோட்டைப் போட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பேசுவதற்குப் பெரியசாமியையும் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். கரையில் உட்கார்ந்து முதல் பொட்டலத்தைத் தின்று முடித்தேன். துடுப்புப் படகுக்காரர் வயசாளி.

“ஏனுங்க, எத்தன பேருங்க?” என்றார்.

“ரெண்டு பேருதாங்க. கொஞ்சம் நல்லா ஆட்டி ஓட்டணும்” என்றார் பெரியசாமி.

“அல்லாரும் ஆட்டாம ஓட்டச் சொல்லுவாங்க. நீங்க என்னங்க?”

“இவருக்கு வாந்தி வருதான்னு பாக்கணும். இவரு அக்கா சிலோன்ல இருந்து கப்பல்ல வருது.”

படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “அக்கா வாரதுக்கு இவரு எதுக்குங்க வாந்தி எடுக்கோணும்?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் நல்ல மனுஷர், ஆட்டினார். இடுப்பை வளைத்து வளைத்து ஆட்டினார். பெரியசாமி முகம் வெளுத்து, பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏப்பம்தான் வந்தது. சின்னது பாஸ்.

அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா? இரண்டாவது பொட்டலத்தையும் தின்றேன். (முதல் பொட்டலம் இன்னும் உள்ளேதான் இருந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.) மோட்டார் படகில் ஏறினோம். கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு கலியாணக் கூட்டம் அதில் நிறைந்திருந்தது. பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக ஒரே வாசனை. அதோடு டீசல் புகை.

படகு அசையவே இல்லை. தரையில் உட்கார்ந்த மாதிரி போனது. சின்னதை ஆட்டிவிட்டுப் பெரியதை ஆட்டாமல் விட்டால் அது ஓரவஞ்சனை அல்லவா? பெரியசாமி ஓட்டுநரிடம் கேட்டார்.

“ஆட்டறதெல்லாம் ஆகாதுங்க. பேசாம உக்காருங்க” என்றார் அவர்.

சரி, படகு ஆடாவிட்டால் நான் ஆடுகிறேன் என்று எழுந்தேன். முன்பக்கம் போய்க் கால்களை அகட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஆடினேன். நாலு பேருக்கு முன்னால் தும்மக்கூட வெட்கப்படுகிறவன், அக்காவை நினைத்துக்கொண்டு ஆடினேன். கொஞ்ச நேரத்தில் படகில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால், ஓர் அம்மாள் கைகூப்பிக்கொண்டு என் எதிரில் நிற்கிறார்.

“சாமி, எம்பட மூத்த புள்ளைக்குக் கலியாணமாயி நாலு வருசமாச்சுங்க. எப்பங்க கொளந்த பொறக்கும்? நீங்கதான் சொல்லோணும்.”

சாமி இல்லீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயைத் திறந்தது தப்பு. இரண்டு பொட்டலமும் ஒன்றாகப் புறப்பட்டன. அந்த அம்மாளின் பட்டுச்சேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரே பாய்ச்சலாகப் பக்கக் கம்பிக்கு வெளியே குனிந்தேன். அந்த நேரம் பார்த்துப் படகு திரும்பியது. அதுவரை ஆடாத படகு அப்போதுதான் ஆடியது.

ஊட்டி ஏரித் தண்ணீரின் குளிரைப் பற்றி நான் எழுதினால் நம்ப மாட்டீர்கள். கோட்டு கல்லாகக் கனத்தது. நீந்தத் தெரியாது. மேலே அந்த அம்மாள், “சாமி மலையேறிட்டாருங்களா?” என்று கேட்பதும், “மலையேறலீங்க, தண்ணீல எறங்கிட்டாரு, யாராச்சும் புடிங்க!” என்று பெரியசாமி அலறுவதும் காதில் விழுந்தன. நான் ஒரு பக்கமும் என் வேட்டி ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தோம். வேட்டிதான் நன்றாக மிதந்தது.

துடுப்புப் படகுக்காரர் தன் படகை வேகமாக ஓட்டி வந்தார். துடுப்பை நீட்டி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையால் வேட்டியை எடுத்துப் பிழிந்தார்.

“மொதல்ல இதச் சுத்திக்கிட்டு ஏறுங்க. பொம்பளைங்க பாக்கறாங்க” என்றவர், நான் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: “வாந்தி வந்துச்சுங்களா?”

தலையாட்டினேன். “அப்பொச் சோலி முடிஞ்சுதுங்க” என்றார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் போர்வைக்குள் இருந்துகொண்டே அத்தானுக்கு எழுதினேன். “அக்காவைச் சின்னக் கப்பலில் கூட்டி வரவும். பெரிய கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். யோசித்துத்தான் சொல்கிறேன்.” காரணம் எழுதவில்லை. அந்தக் காரணத்தை எப்படி எழுதுவது?

பெரியசாமி எழுதினார். எனக்குத் தெரியாமல் தனியாக ஒரு கடிதம், ஆட்டம், குறி, வேட்டி எல்லாவற்றையும் சேர்த்து.

அது எனக்கு மண்டபத்தில்தான் தெரிந்தது. கப்பல் வந்த அன்று முகாம் வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். அத்தான் வந்தார், பிள்ளைகள் வந்தார்கள், கடைசியில் தலையெல்லாம் கலைந்து, கசக்கிய துணி மாதிரி அக்கா வந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நானும் அழத் தயாராக இருந்தேன். அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“வேட்டிய இறுக்கிக் கட்டியிருக்கியாடா?” என்றாள்.

பிறகுதான் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வழியெல்லாம் அவளுக்கும் வாந்திதானாம். “கப்பலு ஆடுறப்பல்லாம் நீ ஆடுனத நெனச்சேன். ஒன்கிட்ட ஒருத்தி புள்ள வரம் கேட்டுக்கிட்டு நிக்கிறா பாரு! பயப்படத் தோணல்லடா.”

“பக்கத்துல இருந்தவுக இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு தள்ளிப் போய்ட்டாக” என்றார் அத்தான்.

அந்தப் பெரிய புதுக் கப்பல் வரவே இல்லை. அங்கே சண்டை தொடங்கிய பிறகு சின்னக் கப்பலும் நின்றுபோயிற்று. பெரிய கப்பலில்தான் வருவோம் என்று காத்திருந்த அக்காவின் அடுத்த வீட்டுக்காரர்களிடமிருந்து இன்றுவரை கடிதம் மட்டும்தான் வருகிறது. என் சோதனையில் புத்தி ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதை ஒத்துக்கொள்வதில்லை. எதிலும் இரண்டில் ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் அக்கா பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு மேட்டுப்பாளையம் போக ஒரு பழைய ஜீப்பும் ஒரு புது வேனும் வாசலில் வந்து நின்றன. மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே அக்கா சத்தமாகச் சொன்னாள்: “யாரும் ஏறாதீங்க. மொதல்ல என் தம்பி ரெண்டுலயும் ஏறி ஆடிப் பாக்கட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் கோட்டைக் கழற்றிப் பெரியசாமி கையில் கொடுத்துவிட்டு, இரண்டிலும் ஏறி ஆடிவிட்டுத்தான் இறங்கினேன்.

கோத்தகிரி,
1998 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை.